கீழே மூன்று கிலோமீட்டர், மேலே ஓர் ஊர்

2011 ஏப்ரலில் அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் அமைப்பு ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. எந்தெந்த நாட்டின் அடியில் ஷேல் எரிவாயு கிடக்கிறது என்று காட்டும் படம். அமெரிக்கா நீங்கலாக 32 நாடுகள், 48 படுகைகள். அதை வண்ணத்தில் அச்செடுத்து மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். போலந்தின் மேல் பெரிய திட்டு ஒன்று இருந்தது. 187 டிரில்லியன் கன அடி எடுக்கலாமாம். "பத்து வருஷத்தில் போலந்து வாயு ஏற்றுமதி செய்யும்" என்று ஒரு நண்பனிடம் பந்தயம் கட்டினேன். அவன் எரிசக்தி பற்றி ஒன்றும் படித்தவனில்லை. "அந்த ஊர்க்காரங்களைக் கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது.

பாறையைப் பற்றிப் படித்தவர்களுக்கு வரும் நோய் இது. கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மேலே இருப்பதெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரியும்.

ஷேல் அடிப்படையில் சேறுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த மென்சேறு, மேலே ஏறிய பாரத்தில் இறுகிக் கல்லானது. அந்தக் கல் இன்னும் நசுங்கி, இன்னும் சூடேறினால் கிடைப்பதுதான் சிலேட்டுக்கல். பழைய கல் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தவர்களுக்குத் தெரியும், ஈரம் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. ஷேலுக்குள் மாட்டிக்கொண்ட வாயுவுக்கும் அதே கதி. உள்ளே நிறைய இருக்கிறது, நகர வழியில்லை. சாதாரண வாயுக் கிணற்றில் நுண்துளைகள் வழியாக வாயு தானே ஊர்ந்து வரும். இங்கே நாம்தான் பாறையை உடைத்து வழி போட வேண்டும். செங்குத்தாக இரண்டு மூன்று கிலோமீட்டர் இறங்கி, அங்கிருந்து படுக்கைவாட்டில் திரும்பி, இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பாறைக்குள்ளேயே போய், தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் செலுத்தி விரிசல் விடச் செய்வது. ஃப்ராக்கிங் என்பது இதைத்தான்.

ஃப்ராக்கிங் புதிதல்ல. 1947-லேயே கான்சாஸ் மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஷேலில் அதைக் காசு பார்க்கும் தொழிலாக மாற்றியவர் ஜார்ஜ் மிட்சல் என்ற வாயுத் தொழிலதிபர். டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் நகரை ஒட்டிய பார்னெட் ஷேலில் 1981-ல் முதல் கிணறு தோண்டினார். விலையுயர்ந்த கூழ்மத் திரவத்தை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட வெறும் தண்ணீரை வைத்தே உடைக்கலாம் என்று அவருடைய பொறியாளர்கள் கண்டுகொண்டது 1990-களின் கடைசியில். நடுவில் ஏறக்குறைய பதினேழு வருஷம்.

இந்தக் கதையை எல்லோரும் விடாமுயற்சிக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் அந்தப் பதினேழு வருஷத்தைத் தாங்கியது எது என்று பாருங்கள். சிகாகோவுக்கு வாயு அனுப்பும் நீண்டகால ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. குழாய் ஏற்கெனவே போட்டிருந்தது. 1976-ல் இருந்தே அமெரிக்க அரசு ஷேல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்தது. 1980-ல் வழக்கமல்லாத வகை வாயுவுக்கு வரிச்சலுகை வந்தது. தோண்டும் ரிக், குழாய், பம்ப் லாரி, அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள், எல்லாம் கூப்பிடு தூரத்தில். இதையெல்லாம் கழித்துவிட்டு நுட்பத்தை மட்டும் பெட்டியில் போட்டு இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்ததுதான் 2011-ன் வரைபடம்.

வரைபடம் சொல்லாத இன்னொன்று, கிணறு எவ்வளவு சீக்கிரம் சோர்ந்துபோகும் என்பது. ஷேல் கிணற்றில் முதல் மாதங்களில் வாயு பீறிட்டு வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். அப்புறம் வருஷக்கணக்கில் மெல்லிய கசிவு. உற்பத்தி அதே அளவில் நிற்கவேண்டுமானால்கூடத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்னெட்டில் மட்டும் 15,000 கிணறுகளுக்கு மேல் தோண்டிவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் ஷேலுக்கு வரும் தடைகளை ஊர்ச் சம்மதம், காசு என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதே சரியில்லை என்று தெரியும். கடலில் ஒரு பெரிய எண்ணெய் மேடை அமைப்பவர் ஒருமுறை அனுமதி வாங்கினால் முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை. ஷேல்காரர் அடுத்த வயலுக்கும், அதற்கடுத்த வயலுக்கும் போய்க் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர் முகம் சுளித்தால் அவருடைய கணக்குப் புத்தகமும் அங்கேயே நின்றுவிடும். கிணறு வற்றும் வேகத்தில் புதிய சம்மதம் வந்துகொண்டே இருக்க வேண்டிய தொழில் இது.

அமெரிக்காவில் அந்தச் சம்மதம் எப்படிக் கிடைத்தது? நிலத்தடிக் கனிமம் தனிமனிதர் சொத்தாக இருக்கக்கூடிய நாடு அது. லேண்ட்மேன் என்று ஒரு தொழில் உண்டு. பத்திர அலுவலகத்தில் உட்கார்ந்து யார் நிலத்தின் அடிப்பகுதி யாருக்குச் சொந்தம் என்று துழாவி, பிறகு வீடு வீடாகப் போய்க் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குபவர். ஏக்கருக்கு இவ்வளவு முன்பணம், அப்புறம் விற்கும் வாயுவில் பங்கு. பென்சில்வேனியாவில் அந்தப் பங்கு எட்டில் ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று 1979-லேயே சட்டம் இருக்கிறது. கடனில் தத்தளிக்கும் பால் பண்ணைக்காரருக்கு அது பெரிய விஷயம்தான். அவர் லாரிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரரையும் சமாதானப்படுத்துவார்.

ஆனால் அந்த எட்டில் ஒன்று கைக்கு வரும்போது எட்டில் ஒன்றாகவே இருக்கிறதா? கிணற்றுவாயிலிருந்து வாயுவைச் சேகரிக்க, அழுத்த, சுத்தம் செய்ய, சந்தைக்குக் கொண்டுபோக ஆகும் செலவை நிலக்காரர் பங்கிலும் கழிக்கலாம் என்று பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. நூறு டாலர் வாயுவுக்குப் பன்னிரண்டரை டாலர் என்று கணக்குப் போட்டிருந்தவர்களின் மாதாந்தரச் சீட்டில் கழித்த தொகைகள் வரிசையாக முளைத்தன. வாயு விலை இறங்கிய மாதங்களில் கழித்தது போக மிஞ்சியதைப் பார்த்து நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவில் ஷேல் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றவர்களில் பலர், ஃப்ராக்கிங் வேண்டாம் என்றவர்கள் இல்லை, சரியான கணக்கு வேண்டும் என்றவர்கள்.

டெண்டன் என்ற ஊரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். பார்னெட் ஷேலின் மேலேயே உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ் நகரம். ஊர் எல்லைக்குள்ளேயே இருநூறுக்கும் மேற்பட்ட வாயுக் கிணறுகள். 2014 நவம்பரில் அங்கே வாக்கெடுப்பு வைத்து, ஊருக்குள் ஃப்ராக்கிங் கூடாது என்று சுமார் 59 சதவீதம் பேர் தடை போட்டார்கள். டெக்சாஸில் எப்படி இது நடந்தது? மேல்நிலமும் கீழ்க்கனிமமும் தனித்தனியாகப் பிரிந்து விற்பனையாகும் சட்டம் அது. வீடு வாங்கியவருக்குத் தரையும் புல்லும் மட்டும். அடியில் இருப்பது வேறு யாருக்கோ. டெண்டனில் கனிம உரிமையில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே இருந்தவர்களிடம் இருந்தது. ஆக, காசோலை ஓரிடம் போனது, புழுதியும் இரைச்சலும் இன்னோரிடம் தங்கின. ஆறே மாதத்தில், 2015 மே மாதம், ஊராட்சிகளுக்கு அப்படித் தடைபோடும் அதிகாரமே இல்லை என்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் நேர்மாறு. டிரைடன் என்ற சின்ன ஊரின் தடை செல்லும் என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, அதே வருஷக் கடைசியில் மாநிலம் முழுக்கத் தடை என்று அரசே அறிவித்தது.

சரி, கனிமம் அரசுக்குச் சொந்தமான நாடுகளுக்கு வருவோம். அப்படிப்பட்ட நாடுகள்தான் பெரும்பாலும். நிலக்காரர் கையில் காசோலை கிடையாது. இழப்பீடு ஏதாவது கிடைக்கலாம், பங்கு கிடைக்காது. அவர் எதற்காகத் தலையாட்ட வேண்டும்?

போலந்தில் 2012 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வு உரிமங்கள் இருந்தன. ரஷ்ய வாயுவிலிருந்து விடுபடும் ஆசை அந்த நாட்டுக்கு ரத்தத்திலேயே உண்டு. அரசு ஆதரவு, மக்களிடம் பரவலான ஆதரவு, எக்ஸான்மொபில் முதல் செவ்ரான் வரை அத்தனை பேரும் வரிசையில். முதல் அடி 2012 மார்ச்சில் விழுந்தது. போலந்து நிலவியல் நிறுவனம் தானே கணக்குப் போட்டு, எடுக்கக்கூடியது 346 முதல் 768 பில்லியன் கன மீட்டர் என்றது. அமெரிக்கக் கணக்கில், அந்த 187 டிரில்லியன் கன அடியை மாற்றிப் போட்டால், அது 5,300 பில்லியன். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான். அதே வருஷம் ஜூனில் எக்ஸான்மொபில் மூட்டை கட்டியது. பாறை ஆழமாக இருந்தது, களிமண் அதிகம், உடைத்தால் ஒழுங்காக உடையவில்லை. ஐரோப்பாவில் ரிக்குகள் குறைவு, சேவைக் கம்பெனிகள் குறைவு, ஆகவே ஒவ்வொரு கிணறும் அமெரிக்காவைவிடக் கணிசமாக அதிகச் செலவு. வரி எவ்வளவு, அரசுக்குப் பங்கு உண்டா என்று சட்டத்தை வருஷக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் எழுபது சொச்சம் கிணறுகளோடு கதை முடிந்தது.

இதெல்லாம் நிலவியலும் காசும். ஆனால் நடுவில் ஜுராவ்லுவ் என்று ஒரு கிராமம் வருகிறது. கிழக்குப் போலந்தில் விவசாயிகளின் சின்ன ஊர். 2013 ஜூனில் செவ்ரான் ஆட்கள் ஒரு நிலத்தைச் சுற்றி வேலி போட வந்தார்கள். ஊர்க்காரர்கள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வழியில் நிறுத்தினார்கள். கூடாரம் போட்டு முறைவைத்து இரவுபகலாகக் காவல் இருந்தார்கள். ஏறக்குறைய 400 நாள். 2014 ஜூலையில் கம்பெனி அந்த இடத்தை விட்டுப் போனது, 2015 ஜனவரியில் போலந்து ஷேலை விட்டே போனது. செவ்ரானை அந்தக் கிராமம்தான் துரத்தியது என்று நான் சொல்லமாட்டேன், எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்த வேளை அது. ஆனால் ஒரு கிணறு தோண்டாமல் 400 நாள் போவதற்கும் ஒரு விலை உண்டு. ஆதாயம் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் கம்பெனி பொறுத்திருக்கும். ஊர் சேர்ந்து வரவேற்றிருந்தால் மந்தமான பாறையிலும் இன்னும் பத்துக் கிணறு தோண்டிப் பார்த்திருக்கும். இரண்டும் இல்லாதபோது மேலாளர் ஒருவர் வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து கணக்கேட்டில் போலந்து என்ற வரியை அடித்துவிடுகிறார், அவ்வளவுதான்.

பிரான்ஸ் இவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. தெற்குப் பகுதிகளில் உரிமம் கொடுத்தது ஊர்களுக்குத் தெரியவந்ததும் கூட்டம் திரண்டது, 2011 ஜூலையில் ஃப்ராக்கிங்கைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பல்கேரியா 2012 ஜனவரியில். அல்ஜீரியாவில் 2015 தொடக்கத்தில் இன் சாலா என்ற பாலைவன ஊரில் மக்கள் வாரக்கணக்கில் சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாலைவனத்தில் யார் எதிர்க்கப்போகிறார்கள் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்திருக்கலாம். பாலைவனத்தில் வாழ்பவனுக்குத்தான் நிலத்தடி நீரின் அருமை தெரியும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிணற்றை உடைக்க சுமார் 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் வேண்டும்.

இங்கிலாந்தின் கதை வேறு ருசி. அங்கே அரசு ஊரை விலைக்கு வாங்கப் பார்த்தது. இதைத் தரக்குறைவாகச் சொல்லவில்லை. லாபத்தில் பங்கு கொடுத்தால் ஊர் ஒத்துழைக்கும் என்பது அமெரிக்க அனுபவத்திலிருந்து எடுத்த பாடம்தான். நிலத்தடி எண்ணெயும் வாயுவும் 1934 முதல் அரசுடைமை என்பதால் வேறு வழியில் காசு தரவேண்டியிருந்தது. ஃப்ராக்கிங் செய்யும் ஒவ்வொரு ஆய்வுக் கிணற்றுக்கும் ஊருக்கு ஒரு லட்சம் பவுண்டு, உற்பத்தி வந்தால் வருமானத்தில் ஒரு சதவீதம் என்று தொழில்துறை உறுதி சொன்னது.

லங்காஷயரில் பிரெஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் குவாட்ரில்லா கம்பெனி தோண்டியபோது முதல் கிணற்றுக்கான அந்த ஒரு லட்சம் பவுண்டைப் பங்கு பிரித்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த 29 வீடுகளுக்குத் தலா 2,070 பவுண்டு. ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த 259 வீடுகளுக்குத் தலா 150. இந்த எண்களை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் வரைபடத்தில் கவராயத்தை வைத்து இரண்டு வட்டம் போட்டிருக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டுக்கு இரண்டாயிரம், கோட்டுக்கு வெளியே அடுத்த வீட்டுக்கு நூற்றைம்பது, அதற்கடுத்த கோட்டுக்கு வெளியே ஒன்றுமில்லை. லாரி எல்லார் வீட்டு முன்னாலும்தான் போகிறது. அதிலும் 2,070 பவுண்டு என்பது வாங்கிக்கொண்டு வாயை மூடும் அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை, மறுக்கும்போது மனசு உறுத்தும் அளவுக்கு மரியாதையானதும் இல்லை. வீட்டின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயப்படுபவரிடம் இதை நீட்டினால் அவருக்குக் கோபம்தான் வரும்.

அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டிருந்தது. 2015 ஜூனில் லங்காஷயர் மாவட்ட மன்றம், இரைச்சலையும் கண்ணுக்கு உறுத்துவதையும் காரணம் காட்டி அந்தத் திட்டத்தை நிராகரித்தது. 2016 அக்டோபரில் லண்டனில் இருந்த அமைச்சர் அந்த முடிவை ரத்து செய்து அனுமதி கொடுத்தார். நடுவில் 2015-லேயே இன்னொரு சட்டம், 300 மீட்டருக்குக் கீழே தோண்டினால் மேலே இருக்கும் வீட்டுக்காரரைக் கேட்கவே தேவையில்லை என்று. சட்டப்படி இவை எல்லாம் சரி. ஆனால் ஃப்ராக்கிங் பற்றி ஒரு கருத்தும் இல்லாதவர்கூட, "எங்கள் மன்றம் வேண்டாம் என்றதே, அப்புறம் யார் இவர்?" என்று கேட்டார். எதிர்ப்பாளர்கள் பத்து வருஷம் துண்டறிக்கை கொடுத்திருந்தாலும் இத்தனை பேரைத் திரட்டியிருக்க முடியாது.

பூமி அதிர்ந்தது கடைசியில். 2011-ல் பக்கத்து இடத்தில் தோண்டியபோதே 2.3 அளவில் ஓர் அதிர்வு வந்து வேலை நின்றிருந்தது. அதற்குப் பிறகு 0.5-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று விதி. 0.5 என்பது கருவிக்குத்தான் தெரியும், மனிதருக்குத் தெரியாது என்று கம்பெனி புலம்பியது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2019 ஆகஸ்ட் 26 காலையில் வந்தது 2.9. அலமாரி குலுங்கியதைக் கருவி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நவம்பரில் அரசு நாடு முழுக்க நிறுத்திவைத்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு கணக்குப் பார்த்ததில், 2011 முதல் பொதுப்பணம் குறைந்தது 3.27 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. அதில் 1.34 கோடி போராட்டக் களத்துக் காவல் செலவு. வணிக அளவில் விற்ற வாயு பூஜ்யம். 2022 செப்டம்பரில் புதிய பிரதமர் தடையை நீக்கினார். அடுத்த மாதம் 19-ம் தேதி ஃப்ராக்கிங் மீது நாடாளுமன்றத்தில் வந்த வாக்கெடுப்பில் சொந்தக் கட்சிக்காரர்களே முரண்டு பிடித்துப் பெரும் அமளி. மறுநாள் அவர் ராஜினாமா செய்தார். அவர் கவிழ்ந்ததற்குப் பெரிய காரணங்கள் வேறு. ஆனாலும் கடைசித் தள்ளு எங்கிருந்து வந்தது பாருங்கள்.

இந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். மக்களுக்கு அறிவியல் புரியவில்லை, வீட்டுத் தண்ணீர்க் குழாயில் தீப்பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள் என்று. பாதி உண்மை. பென்சில்வேனியாவில் டிமோக் என்ற ஊரில் 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது. வாயு கலந்திருந்தது. இரண்டு கிலோமீட்டர் ஆழத்து விரிசல் மேலே ஏறி வந்ததால் அல்ல, கிணற்றுக் குழாயைச் சுற்றிய சிமெண்டு வேலை சரியில்லாமல் வாயு நழுவியதாகத்தான் மாநில அதிகாரிகள் கண்டார்கள். பொறியாளருக்கு இது பெரிய வித்தியாசம். "ஃப்ராக்கிங் காரணமல்ல, சிமெண்டுதான்" என்பார். தண்ணீரைக் கேனில் வாங்கிக் குளிப்பவருக்கு இந்த வித்தியாசத்தை வைத்து என்ன செய்வது? 2005-ல் அமெரிக்கச் சட்டம் ஃப்ராக்கிங்குக்கு நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு விதிகளிலிருந்து பெரும்பாலும் விலக்கு கொடுத்தது. என்ன ரசாயனம் செலுத்துகிறோம் என்பது தொழில் ரகசியம் என்று கம்பெனிகள் பல வருஷம் சொல்லாமல் இருந்தன. ரகசியம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிற்பாடு முழுப்பட்டியல் கொடுத்தாலும் யார் நம்புவார்கள்?

எதிர்ப்பே எழ முடியாத இடத்தில் தோண்டினால்? அதற்குத்தான் சீனா. 2020-க்குள் ஆண்டுக்கு 60 முதல் 100 பில்லியன் கன மீட்டர் என்று 2012-ல் இலக்கு வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் 30 ஆகக் குறைத்தார்கள். 2020-ல் வந்தது சுமார் 20. கன மீட்டருக்கு 0.4 யுவான் வரை மானியம் கொடுத்தும் அவ்வளவுதான். சிச்சுவான் மலைகளில் சமதளமாக ஒரு மைதானம் கிடைப்பதே கஷ்டம். 2019 பிப்ரவரியில் சிச்சுவானின் ரோங் வட்டத்தில் நிலநடுக்கங்கள் வந்து இரண்டு பேர் இறந்தார்கள். மக்கள் வட்ட அலுவலகத்தின் முன் திரண்டார்கள். அங்கேயும் தோண்டுவதை நிறுத்திவைத்தார்கள். வாக்குச்சீட்டு இல்லாத இடத்திலும் வாசலுக்கு வர ஊருக்குத் தெரிகிறது.

எங்கேயும் நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அர்ஜென்டினாவின் வாக்கா முயெர்த்தா என்ற ஷேல் பகுதி இருக்கிறது. நூறு வருஷமாக எண்ணெய் எடுத்துப் பழகிய நியூக்கென் மாகாணம், ஆள்நடமாட்டம் குறைந்த வறண்ட சமவெளி, கனிம வருமானம் மாகாணத்துக்கே. மபுச்சே பழங்குடிகளின் நில உரிமைச் சண்டை இன்னும் தீரவில்லை. அதையும் மீறி வாயு வருகிறது. அங்கே கழுத்தைப் பிடித்தது வேறொன்று. வாயு இருந்தும் அனுப்பக் குழாய் போதவில்லை, டாலரை அப்போது வெளியே எடுக்க விடாத நாட்டில் குழாய்க்குப் பணம் போட ஆள் இருக்கவில்லை. 573 கிலோமீட்டர் புதிய குழாய் 2023 ஜூலையில்தான் திறந்தது.

வெற்றி பெற்றவர்களின் கணக்கும் அவ்வளவு பளபளப்பில்லை. அமெரிக்காவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தோண்டியதில் 2008-ல் அலகுக்கு 13 டாலரை எட்டிய வாயு விலை 2012 ஏப்ரலில் 2 டாலருக்குக் கீழே போனது. அந்த அலையின் முகமாக இருந்த செசபீக் எனர்ஜி 2020 ஜூனில் திவால் மனு கொடுத்தது. மலிவான வாயு யாருக்குப் போனதோ அவர்களுக்கு லாபம். தோண்டியவருக்குப் போட்ட பணம் வந்ததா என்பது பல வருஷங்களுக்குச் சந்தேகம்தான்.

சுவரில் ஒட்டிய அந்தப் படம் வெயிலில் வெளுத்து, திட்டுகளின் நிறம் போய்விட்டது. கிழிக்காமல் வைத்திருந்தேன். 2017 ஜூனில் நண்பன் ஒரு செய்தியை அனுப்பினான். போலந்தின் ஸ்வினோஊச்சே துறைமுகத்துக்கு அமெரிக்காவிலிருந்து முதல் எல்.என்.ஜி. கப்பல் வந்திருந்தது. லூசியானாவில் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, அட்லான்டிக்கைத் தாண்டி, பால்டிக் கடல் வரை கொண்டுவந்திருந்தார்கள். ஷேல் வாயு பெருகியதால் மிஞ்சி ஏற்றுமதிக்கு வந்த வாயு. செய்திக்குக் கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "ஏற்றுமதின்னு சொன்னே, எந்தப் பக்கம்னு சொல்லலையே?" பந்தயம் முடிய இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது. நான் அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டேன்.